பாதி மாத்திரை

மாத்திரையை இரண்டாக வெட்டுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. கண்ணாடிக் கடையில் பவர் கண்ணாடிகளை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி அறுத்து, ஓரம் தேய்த்து உட்கார வைப்பதுதான் அவள் பிழைப்பு. மயிரிழை கூடினால் ஃப்ரேமில் ஏறாது, மயிரிழை குறைந்தால் கழன்று விழும். அப்படிப்பட்ட கைக்கு மாத்திரை வெட்ட யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன? ஆனால் அந்த ஒரு வேலையை மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வாள். ஒரு பாதி மகளுக்கு. இன்னொரு பாதி பாத்திரம் கழுவும் தொட்டிக்கு. குழாயைத் திறந்துவிட்டால் போயே போச்சு.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்துக்கு ஒரு குறையும் வைக்காதவளாக இருந்தாள், ரத்தப் புற்றுநோய் வந்து படுக்கையில் போடும் வரைக்கும். ஊசி, குழாய், வாந்தி, மொட்டைத் தலை என்று அந்தப் பிஞ்சு படாத பாடு பட்டு, ஒருவழியாகப் பெரிய கட்டமெல்லாம் முடிந்து, முடிகூடக் குட்டியாக முளைத்துவிட்டது. இனிமேல் வீட்டிலிருந்தபடியே மாத்திரை, நோய் திரும்பி வராமலிருக்க, நீண்ட காலத்துக்கு. "கஷ்டமானதெல்லாம் தாண்டியாச்சும்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது அவளுக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

தாண்டினார்களா? எங்கே! முழு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாலுவின் வாயெல்லாம் புண். தண்ணீர் குடிக்கவும் அழுதாள். பரிசோதனை செய்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயிருந்தன. மறுபடி ஆஸ்பத்திரி. பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன், சதா பஸ் படம் வரைந்துகொண்டிருப்பான். அவனுக்கும் இதே மாதிரி அணுக்கள் விழுந்து காய்ச்சல் வந்திருந்தது. ஒரு மத்தியானம் அவனைத் தள்ளுவண்டியில் அவசர அவசரமாகக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவன் அம்மா வந்து செருப்பையும் பென்சில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

வாலு பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா விளக்கமாகத்தான் சொன்னார். "ஒரு தடவை விழறது சகஜம். திரும்ப அதே அளவுல ஆரம்பிப்போம். மறுபடியும் இப்படி விழுந்துச்சுன்னா ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பிடறேன். சில குழந்தைகளுக்கு இந்த மருந்தைச் சிதைச்சு வேகத்தைத் தணிக்கிற சக்தி பிறவியிலேயே கம்மியா இருக்கும். அப்படி இருந்தா அளவை மாத்திக்கலாம். ஆனா நீங்களா ஒரு நாள்கூட விட்டுடக் கூடாது, குறைக்கக் கூடாது. நோய் திரும்பி வந்தா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

இவ்வளவும் அவள் காதில் விழத்தான் செய்தது. ஆனால் "மறுபடியும் விழுந்துச்சுன்னா" என்ற இடத்தோடு மனசு நின்றுபோய்விட்டது. மறுபடியும் விழுவதா? அந்தப் பென்சில் டப்பாதான் கண்முன் வந்தது. விழவே விடமாட்டேன் என்று முடிவு கட்டினாள். அன்றிலிருந்து பாதி.

யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னால் முழுசாகக் கொடு என்பார். கணவரிடம் சொன்னால் டாக்டரிடம் போய்த்தான் நிற்பார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரூல்ஸ். ஒரு போல்ட்டை இத்தனை சுற்று முடுக்கச் சொல்லியிருந்தால் அத்தனை சுற்றுதான், அரைச் சுற்று கூடாது, குறையாது. "நம்ம வேலையில உத்தேசம்னு ஒண்ணு கிடையாது. உத்தேசம்னா பொணம்" என்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், நான் உத்தேசமாகப் பாதி கொடுக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆக, இரண்டு பயத்தையும் தனியாகவே சுமந்தாள். முழுசு கொடுத்தால் பிள்ளை போய்விடும். பாதி கொடுத்தால் நோய் வந்துவிடும். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தைய நாளெல்லாம் சோறு இறங்காது. முடிவு நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் உயிர் வரும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த பரிசோதனைக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

முடிவுகள் நன்றாகவே இருந்தன. அங்கேதான் வினை. ஒரு நாள் டாக்டரம்மா கணினித் திரையைப் பார்த்துச் சிரித்தார். "அடேங்கப்பா, முதல்ல பயமுறுத்தினவ இப்ப இவ்வளவு நல்லா தாங்கறாளே! அணுக்கள் நாங்க எதிர்பார்க்கிறதைவிட அதிகமாவே இருக்கு. அப்படின்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம். ஒண்ணரையா ஏத்திடலாம்."

அவள் தலையை ஆட்டினாள். அடிப் பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்! பக்கத்தில் ரூல்ஸ் உட்கார்ந்து, "தினமும் ஒண்ணரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், சரிங்க" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்கு வந்து, ஒரு முழு மாத்திரையைத் தொட்டியில் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பாதியைக் கொடுத்தாள்.

அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள் போல. ஆனால் அவளுக்கே காய்ச்சல் வந்தது. சாதாரண சளிக் காய்ச்சல்தான், ஊருக்கே இருந்தது. மற்ற வீடுகளில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வீட்டில் முடியுமா? ரூல்ஸ் அவள் தும்மிய சத்தம் கேட்டதுமே தலையணை, போர்வை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் உள் அறையில் கொண்டுபோய் வைத்தார்.

"நீ வெளியவே வராத. நான் லீவு சொல்லிட்டேன். குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா தாங்க மாட்டா."

"மாத்திரை..."

"நான் குடுத்துக்கறேன். எனக்குத் தெரியாதா?"

கதவு சாத்தப்பட்டது.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் குரல்கள் கேட்டன. "ஆ காட்டு. இன்னும் பெருசா. இது ஒண்ணு, இது பாதி. முழுங்கிட்டியா? எங்க, நாக்கைக் காட்டு. சமத்து!" அவள் கட்டிலை விட்டு எழுந்து கதவருகே வந்து நின்றாள். கை கதவுக் கைப்பிடியில் இருந்தது.

"என்னங்க..."

"என்ன? தண்ணி வேணுமா?"

"ஆமா. தண்ணி" என்றாள்.

அவர் பாட்டிலைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாள்தானே, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த நாள், ஒருவேளை இப்போது உடம்பு தேறியிருக்கும், தாங்குவாள், டாக்டரே தாங்குவாள் என்றாரே, என்று ஒரு சாக்கு. காய்ச்சல் விட்டால் தானே வெளியே போய்ச் சரிசெய்துவிடலாம் என்று இன்னொரு சாக்கு. பயந்தவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஒவ்வொரு இரவும் அந்த "ஆ காட்டு" சத்தம் கேட்கும்போது போர்வையை இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். காய்ச்சலோ விடுவேனா என்று பிடித்துக்கொண்டிருந்தது. விட்ட பிறகும் இருமல். இருமல் நிற்கும்வரை ரூல்ஸ் கதவைத் திறக்க விடவில்லை.

அவள் வெளியே வந்தபோது வாலு ஓடி வரவில்லை. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே நீலமாக இரண்டு கன்றல்.

"எங்கடி இடிச்சுக்கிட்ட?"

"இடிச்சுக்கல."

"வாயைக் காட்டு."

காட்டினாள். உதட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண். நெற்றியைத் தொட்டால் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் தனி அறை, கையில் ஊசி, உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் முகமூடி. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. இவ்வளவு நாள் அருமையா தாங்கினவ, திடீர்னு எப்படி? மாத்திரை குடுக்கிறதுல ஏதாவது மாறிச்சா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் ரூல்ஸ். "இவளுக்கு உடம்பு சரியில்ல, நான்தான் குடுத்தேன். நீங்க சொன்ன அளவுதான். ஒரு துளி முன்ன பின்ன இல்ல. நான் வேணா சத்தியம் பண்றேன்."

"உங்களைச் சந்தேகப்படல. ஆனா மாத்திரையில எந்த மாத்தமும் இல்லைன்னா, நான் வேற ஒண்ணை யோசிச்சாகணும்." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "நோய் திரும்பியிருந்தாலும் அணுக்கள் இப்படி விழும். நாளைக்கு எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துடலாம்."

ரூல்ஸ் சுவரோரம் இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான்தானே குடுத்தேன், என் கையாலதானே குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டரம்மா அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அப்போதும் அவள் சொல்லவில்லை. நம்ப முடிகிறதா? தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் கொலைகாரி என்பார்கள். பிள்ளையை விட்டு விலகி நில் என்றுகூடச் சொல்லலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பிஞ்சு எலும்பில் ஊசி குத்துவார்கள், நோய் திரும்பிவிட்டதென்று இன்னும் கடுமையான மருந்தை ஏற்றினாலும் ஏற்றுவார்கள். அந்த மருந்தில் வாலு மிஞ்சுவாளா? எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்.

"அம்மா" என்று வாலு மெல்லக் கூப்பிட்டாள். காய்ச்சலில் கண்கள் பாதிதான் திறந்திருந்தன. "அம்மா, நான் சொல்லவே இல்ல."

"என்ன கண்ணு?"

"அப்பா பெருசு பெருசா குடுத்தாரு. நீதான் தொட்டியில பாதி போடறதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேல்ல? நான் சொல்லல. எல்லாத்தையும் முழுங்கிட்டேன்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. எப்போதோ ஒரு நாள் தொட்டியருகே வந்து நின்ற குழந்தையிடம், இது நமக்குள்ளே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். சொன்னவள் மறந்தேபோனாள். குழந்தை மறக்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் மூன்று பங்கு மருந்தை முழுங்கிவிட்டு, வாய் புண்ணாகி எரியும்போதும், அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறது. இப்போது அம்மா மெச்சுவாள் என்று முகத்தையே பார்க்கிறது.

"ஐயோ" என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். நடைபாதையில் டாக்டரம்மாவும் ரூல்ஸும் நின்றிருந்தார்கள். மூச்சு வாங்க, முகமூடியைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி கொடுத்தது, தொட்டியில் போட்டது, ஒன்றரை என்றபோதும் பாதியே கொடுத்தது, எல்லாம். "நோய் திரும்பல டாக்டர். மாத்திரைதான். இவர் குடுக்கறவரைக்கும் அவளுக்கு ஒண்ணரை ஒரு நாள்கூடப் போனதில்ல. ஊசி குத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "எத்தனை தடவை கேட்டேன், ஒழுங்கா குடுக்கறீங்களான்னு? நல்லா தாங்கறான்னு நினைச்சுத்தானே நான் ஏத்தினேன்!" என்றார். பிறகு தன்னை அடக்கிக்கொண்டு அருகிலிருந்த சிஸ்டரைக் கூப்பிட்டார். "ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி ஜீன் டெஸ்ட்டுக்கு சாம்பிள் எடுத்துடுங்க. மஜ்ஜை டெஸ்ட்டைத் தள்ளி வைக்கலாம். மாத்திரைய நிறுத்திட்டோம் இல்ல, அணுக்கள் ஏறுதான்னு முதல்ல பார்ப்போம்."

"ஏறலைன்னா?" என்று கேட்டாள் அவள்.

"ஏறலைன்னா மஜ்ஜையைப் பார்ப்போம். அதுவரைக்கும் இந்தக் காய்ச்சலை அவ தாக்குப்பிடிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ரூல்ஸ் கத்துவார், கை ஓங்குவார் என்றுகூட எதிர்பார்த்தாள். அதெல்லாம் செய்திருந்தால் தேவலை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "நான் குடுக்கும்போது நீ கதவுக்கு அந்தப் பக்கம்தானே இருந்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. வாலுவுக்குச் சில நேரம் ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒரு தடவை தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கதவருகே நிறுத்தினார்கள். தேவைப்பட்டால் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோகத்தான் என்றார் சிஸ்டர். அவள் அந்த வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி செய்துவிடாதே என்று யாரிடம் என்றில்லாமல் கெஞ்சினாள். கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறு பக்கம் அவர். நடுவில் மகள். இருவரும் மகளின் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி தேவைப்படவில்லை. ஒரு காலையில் வாலு கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் வாய்விட்டு அழுத அழுகையில் சிஸ்டரே ஓடி வந்துவிட்டார். அணுக்கள் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கின. சில நாள் கழித்து ஜீன் டெஸ்ட் முடிவும் வந்தது. டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்காரவைத்தார்.

"இந்த மருந்தைத் தணிக்கிறதுக்கு உடம்புல ரெண்டு வழி முக்கியம். ரெண்டுக்கும் தனித்தனி ஜீன். உங்க பொண்ணுக்கு ரெண்டுலயுமே கொஞ்சம் குறை இருக்கு. ஒண்ணு அப்பாகிட்டருந்து, இன்னொண்ணு அம்மாகிட்டருந்து வந்திருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா அதனால ஒரு தொந்தரவும் கிடையாது. இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாத்தானே தெரியும்! இவகிட்ட ரெண்டும் சேர்ந்துடுச்சு. மத்த குழந்தைகளுக்கு முழு மாத்திரை செய்ற வேலையை இவளுக்குப் பாதியே செஞ்சுடும்."

"அப்ப நான் குடுத்தது..." என்று ஆரம்பித்தாள்.

"சரியாத்தான் இருந்திருக்கு. ஆனா அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதி குடுக்கறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். உங்க கை அளவு சரி. திறக்காத உங்க வாய்தான் அவளை இங்க கொண்டுவந்து படுக்கவச்சது." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். "முதல் தடவை விழுந்தப்பவே நானும் அனுப்பியிருக்கணும். அது என் தப்பு."

ரூல்ஸ் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்டருந்துமா?" என்றார்.

"குறைச்சுக் குடுத்தா நோய் வந்துடாதா?" அவள் கேட்டே விட்டாள். இத்தனை நாளாகக் கேட்காமல் விழுங்கிய கேள்வி அது.

"அவளுக்கு அது குறைச்சல் இல்லம்மா. கால் மாத்திரையில ஆரம்பிச்சு, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏத்துவோம். ஆனா வரவே வராதுன்னு எந்தக் குழந்தைக்கும் நான் வாக்குக் குடுக்க முடியாது."

வீடு வந்து சேர்ந்த அன்று, சாப்பாடு முடிந்ததும் ரூல்ஸ் மாத்திரை அட்டையையும் பிளேடையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார். அவரே கொடுக்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கப் பார்த்தார். மாத்திரை விரலிலிருந்து நழுவி உருண்டு கீழே போனது. "என்னால முடியல. என் கையால இனிமே முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் வேறொரு மாத்திரையை எடுத்தாள். விளக்குக்கு நேரே வைத்து, பாதியாக்கி, பாதியைக் கால் ஆக்கினாள். துகள் அளவுக்கு இருந்தது. இது போதுமா? இதைக் கொண்டுபோய் அந்தப் பெரிய நோயின் முன்னால் நிறுத்துவதா? நேற்றுவரை மாத்திரை பெரிதாக இருக்கிறதே என்று பயந்தவளுக்கு இப்போது சிறிதாக இருக்கிறதே என்று பயம். இந்தப் பயம் இனி வருஷக் கணக்கில் கூடவே குடியிருக்கும் என்று தெரிந்தது. துகளை விரல்நுனியில் ஒற்றி எடுத்துக்கொண்டு, வாலுவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "ஆ காட்டு வாலு" என்றாள்.

வாலு உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையை அசைத்தாள்.

"ஏண்டி? கசக்காது. குட்டியூண்டுதான்."

வாலு அவள் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டாள். "இது அப்பாவுக்குத் தெரியுமா?"

ரகசியம் என்று நினைத்தாளே தவிர, அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவள் துகளோடு விரலை மடக்கிக்கொண்டாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ரூல்ஸ் எழுந்து வந்து, மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தெரியும்டா கண்ணு. கால் மாத்திரை. அம்மா சொல்லிட்டா" என்றார். குரல் கரகரத்தது.

வாலு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.